கடிக்கும் நாய் உள்ள வீடு

“பொய் சொல்லி நேரத்தைத் திருடுறான்லா உங்க டிரைவர் கீத். நேர்ல போய்ப் பாருங்க. நாய் இல்லன்னா இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்துங்க.”

கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த போன். சிரம்பான் பார்சல் டிப்போவின் சூப்பர்வைசர் வனேசாவுக்குச் சுருக்கென்றது.

டிப்போவின் வேன்களை நடத்தும் சிஸ்டம், கோலாலம்பூர் நகரத்துக்காகக் கணக்குப் போட்டுச் செய்தது. வேன் போகும் பாதையோடு, வாசலில் நிற்கும் நேரத்தையும் அதுவே சொல்லும். பெல் அடித்து ரெண்டு நிமிடம். ஆள் வராவிட்டால் ‘வீட்டில் இல்லை’ என்று பார்சல் டிப்போவுக்குத் திரும்பிவிடும். நாய் உள்ள வீட்டுக்கு மட்டும் பத்து நிமிடம். நாயைக் கட்டிப்போட வேண்டுமே.

சிரம்பானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்துக் கடைசி வீட்டுக்கு கீத் ‘கடிக்கும் நாய்’ என்று பதிந்திருந்தான். அவன் லீவு போட்ட அன்று அங்கே போன வேறொரு டிரைவர் போட்டுக்கொடுத்துவிட்டான். நாயும் இல்லை, ஆளும் இல்லையாம்.

வனேசா கீத்தின் வேனிலேயே ஏறிக்கொண்டாள்.

“ஏன் கீத், வேனை நிறுத்திட்டு சிகரெட் பிடிக்கத்தான் இந்த நாயா?”

“வந்து பாருங்க மிஸ்.”

அலட்டிக்கொள்ளாமல் ஓட்டினான். அது அவளுக்கு இன்னும் எரிச்சல். பொய் சொல்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

பூட்டிய கேட்டின் முன் நின்று கீத் பெல் அடித்தான். குரைப்புச் சத்தமே இல்லை. வாசலில் ஒரு சங்கிலிகூட இல்லை. ரெண்டு நிமிடம் தாண்டியது.

“போதும், வேனை எடு. நாளைல இருந்து நீ வர வேணாம்.”

“கொஞ்சம் நில்லுங்க மிஸ். வந்துக்கிட்டு இருக்காரு.”

கதவு திறந்தது. ஒரு கால் இல்லாத மனிதர் ஊன்றுகோலோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். பெயர் திருச்செல்வம். வீட்டிலேயே ஹேண்ட்போன் ரிப்பேர் செய்கிறவர்.

“மன்னிச்சுக்கம்மா. அன்னைக்கு வந்த தம்பி, நான் கேட்டுக்கு வர்றதுக்குள்ள போயிட்டாரு. சிரம்பான் வரைக்கும் போய் எடுக்க என்னால முடியாது. சாமான் இல்லாம அந்த வாரம் பூரா வேலை படுத்துப்போச்சு.”

வனேசா கீத்தைப் பார்த்தாள்.

“சிஸ்டத்துல நாய்க்கு இடம் இருக்கு மிஸ். இவருக்கு இல்ல.”

அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து மறுபடி போன்.

“போய்ப் பாத்தீங்களா? நாய் இருக்கா இல்லையா?”

“இருக்கு சார்” என்றாள் வனேசா. “ரொம்பப் பொல்லாத நாய். பத்து நிமிஷம் பத்தாது, பதினஞ்சு போடுங்க.”