பின்னாலிருந்து வரும் நீர்

ஊசியால் ஒரு குத்து. அவ்வளவுதான்.

கண்ணாடிக் குழாய்க்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்த நீர் அந்த இடத்தில் மட்டும் கலங்கியது. ஒரு சாண் நீளத்துக்குக் கலக்கம். நீரில் போட்டிருந்த வெள்ளித்தூள் அங்கே கண்டபடி மினுங்கியது. அதற்கு முன்னாலும் தெளிவு, பின்னாலும் தெளிவு.

அவள் கையிலிருந்த நிறுத்துக்கடிகாரத்தை அழுத்திவிட்டு அந்தக் கலக்கத்தோடு கூடவே நடக்கத் தொடங்கினாள்.

குழாயின் நீளம் பதினான்கு மீட்டர். வழியிலேயே அடங்கிவிட்டால் எழுதிக்கொள்ள ஒரு நேரம் கிடைக்கும். கடைசிவரை அடங்காமல் வெளியே போய்விட்டால் நோட்டில் வெறும் கோடு.

காலையிலிருந்து பதினொரு கோடு. கால் கெஞ்சியது.

இரண்டே வருடத்தில் ஆராய்ச்சியை முடித்துவிடுகிறேன் என்று நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு வந்தவள். இது ஆறாவது வருடம். கட்டியவனோடு ஒரே வீட்டில் இருந்தது நான்கு வருடம்தான். கணக்குப் பார்த்தால் இந்தக் குழாயோடு நடத்திய குடித்தனம்தான் பெரிது.

ஆய்வகத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஊசியை எடுத்த பிறகும் அந்தக் கலக்கம் ஏன் அடங்க மாட்டேன் என்கிறது? எதைத் தின்று உயிரோடு இருக்கிறது?

ஊசி கொடுத்த உதை இரண்டடிக்குள் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் அது தின்பது பின்னாலிருந்து வரும் நீரை. ஒழுங்காக, அமைதியாக, தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும் நீர். அதன் வேகத்தைப் பிடுங்கித்தான் கலக்கம் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இதை நூறு தடவை சொல்லியிருப்பாள். படம் போட்டும் சொல்லியிருக்கிறாள்.

பாதி தூரத்தில் செங்கோட்டுவேலின் நினைவு வந்தது. அவள் கணவன். நான்கு நாளாகக் காய்ச்சல்.

தினமும் ஒன்றரை மணிக்கு அவனே கூப்பிடுவான். கோபித்துக்கொண்டதே இல்லை. மகளின் பள்ளி விழாக்களுக்கு அவள் வராதபோதும் இல்லை. மாமனார் செத்த மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதும் இல்லை. அவனுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. இங்க ஒண்ணும் இல்ல. நான் பாத்துக்கறேன். நீ முடிச்சுட்டு வா.

அதைக் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். குழாய்க்கு நீர் தரும் தொட்டியை நிரப்பப் போய்விடுவாள்.

இன்று மணி இரண்டாகிவிட்டது. கூப்பிடவில்லை.

கலக்கம் குழாயின் வாய் வழியே வெளியே கொட்டியது.

பன்னிரண்டாவது கோடு.

தொட்டியில் இருப்பது இரண்டு நாள் அசையாமல் நின்று தெளிந்த நீர். இன்னும் நான்கு தடவைக்குக் காணும். வீணாக்க மனம் வருமா? திரும்பி வந்து மறுபடியும் குத்தி, கடிகாரத்தை அழுத்தினாள். நடந்துகொண்டே, மறுகையால் அவன் எண்ணை அழுத்தினாள்.

எடுத்தது மகள். ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரம்.

"அப்பா இப்பத்தான் தூங்குறாங்கம்மா. கஞ்சி வெச்சுக் குடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். அவன் நிறுத்துகிற அதே இடத்தில். "இங்க ஒண்ணும் இல்ல. நான் பாத்துக்கறேன். நீ முடிச்சுட்டு வா."

குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. பாவி மகள், கொஞ்சம் அழுதிருக்கலாம்.

அவள் நின்றுவிட்டாள்.

வழக்கமான தெம்பு வந்தது. வந்ததுதான் அவளைக் கூச வைத்தது.

கலக்கம் அவளை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் தெளிந்த நீர் வந்துகொண்டே இருந்தது, ஒன்றும் கேட்காமல்.

குழாய் தொடங்கும் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். தொட்டியின் வால்வைப் பிடித்து, முழுக்க மூடினாள்.

ஏழாவது மீட்டரில் மினுங்கல் தடுமாறியது. மங்கியது. அடங்கியது.

நோட்டு மேசைமேல் திறந்தபடி கிடந்தது. அவள் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

நாமக்கல் வண்டியைப் பிடிக்கக் கோயம்பேடு போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். கைக்குள் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.