சாயங்காலத் தண்ணி

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி என் கையில வாளியக் கொடுத்து, தண்ணி புடிச்சிட்டு வான்னு வெரட்டுறாருங்க. என் மானமே போச்சு. இனிமே அண்ணன் இங்க வேணாம்.”

புஷ்பலதா சொல்லிவிட்டால் சொன்னதுதான். கணவர் உடையப்பன் மறுபேச்சுப் பேசவில்லை. ஈப்போ நகருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடமும் பேசியாகிவிட்டது. இன்று மதியம் வேன் வரும்.

அண்ணன் தனேஸ்வரன் ஐம்பதைத் தாண்டியவர். எந்த வேலையிலும் நிலைக்கவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. வேளாவேளைக்கு மருந்து சாப்பிட்டால் சாது. யாராவது குரலை உயர்த்தினால்தான் வினை. முகம் வெளுத்துவிடும். எங்கிருந்தாவது ஒரு வாளியைக் கொண்டுவந்து தங்கையின் கையில் திணித்து, “குழாயடிக்குப் போ பாப்பா. நான் கூப்புடாம வராத” என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் ஷாமினியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சற்று உரக்கச் சிரித்துத் தொலைத்தார். அவ்வளவுதான், வாளி வந்துவிட்டது.

“இது ரத்தத்துல வர்ற வியாதியாங்க?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

“சேச்சே! அவரும் நானும் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயத்து வீடு, அதே குடிகார அப்பா. நான் நல்லா இல்லையா? மனசுல திடம் வேணும்ங்க. அவருக்கு அது பத்தல.”

தொழிற்சாலையில் சூப்பர்வைசரான புஷ்பலதா, கோயில் மண்டபத்துத் தன்னம்பிக்கைக் கூட்டங்களில் இளைஞர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் வசனம் அது. அங்கே கைதட்டல் கிடைக்கும். மாப்பிள்ளை வீட்டார் கைதட்டவில்லை. “அவர் அந்த வீட்டுல இருக்கற வரைக்கும் நாங்க யோசிக்கணும்” என்று மறுநாளே ஆள் விட்டுச் சொன்னார்கள்.

அண்ணனின் துணிமணிகளைப் பையில் அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ஒரு குரல் கேட்டது. ஆயர் தாவார் ஊரிலிருந்து மாரியம்மா! தோட்டத்தில் அடுத்த வீட்டில் இருந்தவள். பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தாள்.

“வாங்கக்கா, வாங்க. பசியாறுங்க.”

மாரியம்மா கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த தனேஸ்வரனைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பையையும் பார்த்தாள்.

“தனேசு எங்க கெளம்பிட்டான்?”

விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல, புஷ்பலதாவுக்குப் பழைய ஆத்திரமும் பொங்கிக்கொண்டு வந்தது.

“சின்னதுலயே இப்படித்தான்க்கா. சாயங்காலம் ஆனா போதும், வாளியக் கொடுத்து, கோயிலுக்கு அந்தாண்ட இருக்கற குழாய்க்கு வெரட்டிடுவாரு. இவரு மட்டும் வீட்டுல சொகுசா ஒக்காந்துக்குவாரு. அந்தக் குழாய் சொட்டுச் சொட்டா ஒழுகும். நின்னு நின்னு காலெல்லாம் கடுக்கும். பாதி வாளியோட வந்தா திட்டு வேற.”

“சாயங்காலமா?” மாரியம்மா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள். “சாயங்காலம் அந்தக் குழாய்ல ஏது லா தண்ணி? வெடியக்காலம் ஆளுங்க வேலைக்குப் போற வரைக்கும்தான் தொறந்துவிடுவாங்க. அப்புறம் மறுநாள்தான். நீ வெவரம் பத்தாத புள்ள. அவனுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சே எதுக்கு அனுப்புனாரு?”

“ஒங்கப்பன் கள்ளுக்கடையில இருந்து வர்ற நேரம்டி அது.”

மாரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“‘பொட்டப்புள்ள எங்கடா?’ன்னு கேட்டுக் கேட்டு அடிப்பான். எங்க வீட்டுச் செவுரே அதிரும். தனேசு ஒரு நாளும் சொன்னதில்ல. அந்தாளு குடிபோதையில தூங்குனப்புறம் மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு ஒன்னையக் கூப்புட வருவான்.”

அப்பா தன்மேல் கை வைத்ததே இல்லை, தான் அடக்கமான பிள்ளை என்பதால்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள் புஷ்பலதா.

“நீங்கல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”

“கதவச் சாத்திக்குவோம். வேற என்னா செய்ய?” மாரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்திரிகையை வைத்துவிட்டு, தனேஸ்வரனின் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

உடையப்பன் மெல்ல அருகில் வந்தார்.

“லதா, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வேன் வேணாம்னு சொல்லிடவா? இந்த எடம் இல்லன்னா ஷாமினிக்கு வேற எடம் வராமலா போயிடும்?”

உள்ளறையில் ஷாமினி தோழியிடம் போனில் கல்யாணப் புடவையின் நிறத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். புஷ்பலதா அந்தப் பக்கம் பார்த்தாள். பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் வாசலில் வேன் ஹாரன் அடித்தது. காதைப் பிளக்கிற சத்தம்.

தனேஸ்வரன் வெடவெடத்து எழுந்தார். குளியலறைக்கு ஓடி, வாளியோடு திரும்பி வந்து தங்கையின் கையில் திணித்தார்.

“குழாயடிக்குப் போ பாப்பா. நான் கூப்புடாம வராத.”

சொல்லிவிட்டு, யாரும் உள்ளே வந்துவிடாதபடி வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார். உடையப்பன் மனைவியின் முகத்தையே பார்த்தார்.

புஷ்பலதா வாளியை வாங்கிக்கொண்டாள்.

பின்பக்கம் போனாள். கதவைச் சாத்தினாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். இந்தக் குழாயில் தண்ணீருக்குக் குறைச்சலில்லை, வாளி உடனே நிறைந்து வழிய ஆரம்பித்தது.

தனேஸ்வரனை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிப் போன பிறகும் அவள் உள்ளே வரவில்லை. அண்ணன்தான் இன்னும் கூப்பிடவில்லையே!