எத்தனை கிலோ தூக்கும்?

"கிணத்துல என்னக்கா விழுந்துச்சு? வாளியா?" குலியாகான் நகரச் சந்தையில் காந்தம் விற்கும் அன்செல்மோ கேட்டான்.

"பூட்ஸுப்பா. வேலைக்குப் போடுறது. முனையில இரும்பு வச்சிருக்கும்."

"ஒரு பூட்ஸுக்கா கடையிலேயே பெரிய காந்தத்தக் கையில எடுத்தீங்க?" அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இது எழுபது கிலோ தூக்குமா?" என்றாள் யூலாலியா.

"என்னக்கா, பூட்ஸு எழுபது கிலோவா?"

"அதைப் போட்டிருக்கிற என் புள்ளையும் உள்ளதான் இருக்கான். அவனைக் கடத்திட்டுப் போனவங்க அந்தக் கிணத்துலதான் போட்டாங்களாம்."

அன்செல்மோவின் சிரிப்பு நின்றது.

"எப்பக்கா?"

"வர்ற மாசம் வந்தா மூணு வருஷம்."

அவன் அவள் கையிலிருந்த பெரிய காந்தத்தை வாங்கி உள்ளே வைத்தான். உள்ளங்கையில் அடங்கும் சின்னது ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இது போதும்க்கா."