ஒரே சாலை

"புயல் வருகிறது என்று சொன்னால் எல்லோரும் உடனே புறப்பட்டுவிடுவார்களா?" என்று எமில்டா கேட்டார்.

குரோய்டனில் ஒரு பொறியியல் நிறுவனத்தின் ஐந்தாம் மாடி. தொண்ணூற்றேழாம் ஆண்டு. மேசை நடுவே ஒரு மேற்கிந்தியத் தீவின் வரைபடம் விரிந்து கிடந்தது.

தீவின் முனையிலிருந்து கடலுக்குள் நீண்டது ஒரு மணல்திட்டு. அதில் ஏற்கெனவே ஒரு மீனவர் ஊர் இருந்தது. அங்கே அதைவிடப் பெரிய குடியிருப்பு ஒன்றைக் கட்ட நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். திட்டிலிருந்து வெளியே வர ஒரே ஒரு சாலைதான்.

எமில்டா அந்தத் தீவின் அரசாங்கம் அனுப்பிய பெண். அறுபது வயதிருக்கும். லண்டன் குளிருக்கு யாரோ இரவல் கொடுத்த பெரிய கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். அவர் சம்மதித்தால் வீடுகள் எழும்பும்.

சூறாவளி வந்து சேருமுன் எத்தனை பேரை அந்தச் சாலையால் வெளியேற்றலாம் என்று கணித்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா. இருக்கிற சனத்துக்கே சாலை மட்டுமட்டு. புது வீடுகளும் வந்தால், காற்று அடிக்கத் தொடங்கும் நேரத்தில் நாலில் ஒரு பங்குபேர் இன்னும் சாலையில்தான் நிற்பார்கள். அவர் கண்ட முதல் முடிவு அதுதான்.

மேலதிகாரி குருமூர்த்தி அதை வாசித்துவிட்டு, அறிவித்தவுடனே எல்லோரும் புறப்படுவதாக வைத்துப் பார்க்கச் சொன்னார்.

அப்படி வைத்தால் சாலை போதும்.

எமில்டாவின் கேள்வி சரியாக அந்த இடத்தில் வந்து நின்றது.

குருமூர்த்தி ஸ்ரீஸ்கந்தராஜாவைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு, சொல்வோம் என்று நினைத்தே இராத ஒன்றைச் சொல்லத் தொடங்கினார்.

"என் ஊர் யாழ்ப்பாணம். இரண்டு வருடத்துக்கு முன், யுத்தத்தில், எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒரு மாலை அறிவித்தார்கள். அன்றிரவே ஊர் முழுக்கப் புறப்பட்டது. லட்சக்கணக்கான சனம். ஒரே சாலை, ஒரே பாலம், மழை வேறு. கார் கூட இல்லை. நடந்தும் சைக்கிளை உருட்டிக்கொண்டும் கடந்தார்கள். ஆபத்து என்று தெரிந்தால் மனிதர் கடந்துவிடுவார்கள்."



இத்தனை வருடத்தில் அந்த அலுவலகத்தில் ஒருவரும் அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டதில்லை. இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அது அவருக்கு ஒரு கணம் பிடித்திருந்தது. பிறகு எதை நினைத்தாலும் அந்த ஒரு கணத்தை நினைக்கத்தான் அதிகம் கூசியது.

"நீங்களும் நடந்தீர்களா?" என்றார் எமில்டா.

"இல்லை. நான் அப்போது இங்கே. என் தங்கை நடந்தாள், பிள்ளைகளோடு."

"அம்மா?"

"அம்மாவும்தான்."

அது பொய் இல்லை.

எமில்டா நாற்காலியில் சாய்ந்தார். "எங்கள் ஊரில் வயதானவர்கள் வீட்டை விட்டு அசையமாட்டார்கள். ஒவ்வொரு புயலுக்கும் அவர்களோடு எனக்குச் சண்டை. இனி அவர்களுக்கு உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்."

சொல்லிவிட்டு, வீடுகளுக்குச் சம்மதித்தார்.

லிஃப்ட்டுக்காகக் காத்து நின்றபோது குருமூர்த்தி ஸ்ரீஸ்கந்தராஜாவின் தோளைத் தட்டினார்.

"நல்ல நேரத்துல சொன்னீங்க ஸ்ரீ. அந்தம்மா ஒத்துக்கவே மாட்டாங்கன்னு நெனச்சேன்."

ஸ்ரீஸ்கந்தராஜா லிஃப்ட் பொத்தானை இன்னொருமுறை அழுத்தினார்.

கீழே வாசலில் எமில்டா டாக்சிக்காக நின்றுகொண்டிருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கண்டதும் அருகில் வந்து அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவின் பெயர் என்ன? பெயரோடு சொன்னால்தான் எங்கள் ஆட்கள் நம்புவார்கள்."

"பாலாம்பிகை."

எமில்டா அதைச் சொல்லிப் பார்த்தார். முதலில் நாக்குத் தடுமாறியது. பிறகு மெதுவாக, முழுசாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

டாக்சி இன்னும் வரவில்லை. முதல் முடிவு வேறு என்று இப்போதுகூடச் சொல்லலாம். அந்தச் சாலையில் கடைசியாக நிற்கப்போகிறவர்கள் யார் என்று சொல்லலாம். அவர் வாயைத் திறந்தார். "இன்றைக்குக் குளிர் கொஞ்சம் கூட" என்றுதான் வந்தது.

டாக்சி வந்தது. அவரே கதவைத் திறந்துவிட்டார்.

தோர்ண்டன் ஹீத் வீட்டில் தங்கை தவநாயகிதான் கதவைத் திறந்தாள். ஒரு வருடமாக அவரோடுதான் இருக்கிறாள்.

"மீட்டிங் எப்பிடி அண்ணை?"

"சரிவந்திட்டுது" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தைக் கழற்றினார்.

அம்மாவின் பெயரை அவர் அதற்குமுன் வெளியில் ஒருவரிடம் சொன்னது தவநாயகி லண்டனுக்கு வந்த கிழமை. மனோர் பார்க் முருகன் கோயிலில், திவசத்துக்கு ஒழுங்கு செய்யப் போயிருந்தார்கள். அம்மா எந்தத் திதியில் மோசம் போனவ என்று ஐயர் கேட்டார். ஸ்ரீஸ்கந்தராஜா தங்கையைப் பார்த்தார்.

"தெரியாது ஐயா" என்றாள் தவநாயகி. "பாலத்தடியில, மழைக்குள்ள, இனி நடக்க ஏலாதெண்டு இருந்திட்டா. சனம் என்னையும் பிள்ளையளையும் தள்ளிக்கொண்டு போட்டுது. திரும்பிப் போக விடேல்லை. நான் அவவை விட்டிட்டு வந்த நாளையே வையுங்கோ."