ஏரியில் நாரை இல்லை

"நல்லா ஓங்கித் தட்டுங்க. ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்குரலில் சொன்னாள் அவள்.

ஜீப் டிரைவர் அலுமினியத் தட்டில் கரண்டியால் போட்டுத் தாக்கினார். ஏரியின் நடுத்திட்டில் ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்த நாரைகள் அலறி எழும்பி, கரையோர மரங்களைத் தாண்டிப் பறந்தன.

"கை வலிக்குது. நீங்களும் ரெண்டு சத்தம் போடலாம்ல மேடம்?"

"நான் வாயைத் திறந்தா காரியம் கெட்டுரும். நீங்க தட்டுங்க."

யாராவது பார்த்திருந்தால் நேராகக் காவல் நிலையத்துக்கு ஓடியிருப்பார்கள். வெள்ளிக்கழுத்து நாரையைத் தொந்தரவு செய்தால் சிறை. ஏரியைச் சுற்றி அப்படிப் பலகை எழுதி நட்டு வைத்ததே அவள்தான். அந்தச் சரணாலயத்துக்கு அவள்தான் ரேஞ்சர்.

அரசாங்கம் எதையும் வகைப்படுத்தாமல் விடுவதில்லை. நாரை 'அழியும் நிலை' வகையில் இருந்ததால்தான் ஏரிக்கு வேலி, வேலிக்கு ஓர் அலுவலகம், அலுவலகத்துக்கு ஒரு ஜீப். ஆண்டுக்கு ஒரு முறை, அந்த வகைக்கென்றே தலைமையகத்தில் இருக்கும் பிரிவிலிருந்து ஆய்வு அதிகாரி வந்து எண்ணுவார். இருநூறைத் தாண்டிவிட்டால் அது 'கவலையில்லை' வகைக்கு மாறிவிடும்.

கவலையில்லை என்று கையெழுத்து விழுந்த மறுநாள் வேலியைப் பிடுங்குவார்கள். விசைப்படகு விடுவதற்கு ஒரு கம்பெனி இப்போதே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. நாரைகளோ, நிலவரம் புரியாமல் இந்த வருஷம் வஞ்சனையில்லாமல் குஞ்சு பொரித்துத் தள்ளியிருந்தன. பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆய்வு அதிகாரி வந்துவிட்டார். ஈ காக்கை குறுக்கே வராத கரையோரப் பாதை நெடுக, விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது அவர் வண்டி. பளீரென்ற ஆரஞ்சுச் சட்டையில் இறங்கியவர், கதவை ஓங்கிச் சாத்தினார்.

"பறவை எண்ண வர்ற லட்சணமா இது?" என்று முணுமுணுத்தார் டிரைவர்.

"ஏசி ரூம்லயே உக்காந்து பதவி உயர்வு வாங்கினா இப்படித்தான்" என்று கிசுகிசுத்துவிட்டு, அவள் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள். விவரம் தெரியாத ஆள் என்பதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அதிகாரி பைனாகுலரைக் கண்ணில் வைத்து ஏரியை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"என்னம்மா, வெறிச்சோடிக் கிடக்கு?"

"இந்த வருஷம் வரத்தே இல்ல சார்."

"முட்டை, குஞ்சு எதுவும்?"

"அதை ஏன் சார் கேக்குறீங்க."

"அப்போ இன்னும் அழியுற நிலையிலதான் இருக்குன்னு எழுதிக்கலாமா?"

அதோடு அவள் தலையாட்டிவிட்டு நின்றிருக்கலாம். ஆனால் நம்பவைக்க வேண்டுமே என்று கொஞ்சம் சேர்த்து நடிக்கப்போனாள். அடிக்குரல் எப்போது உச்சிக்குப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"வயிறு எரியுது சார்! பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டேன். இன்னைக்குக் கண்ணுல காட்ட ஒண்ணுகூட இல்லையே சார்!"

மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு நாரை தலையை நீட்டிப் பார்த்தது. பிறகு பறந்து வந்து அவள் பக்கத்தில் இறங்கியது.

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரியும். புயலில் கூடுகள் சரிந்த வருஷம், தாயில்லாக் குஞ்சுகளை அலுவலகத்திலேயே வைத்து, பேசிப் பேசி மீன் ஊட்டி வளர்த்தவள் அவள். அந்தக் குஞ்சுகள் பெரிதாகித் தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே பழக்கிவிட்டன. அவள் குரல் கேட்டால் சாப்பாடு என்று அர்த்தம்.

பத்து வந்தன. ஐம்பது வந்தன. அப்புறம் வானமே கீழே இறங்குவதுபோல் மொத்தக் கூட்டமும் வந்து கரையில் குவிந்தது. ஒரு நாரை உரிமையோடு அவள் சட்டைப் பைக்குள் அலகை விட்டுத் துழாவியது. இன்னொன்று அதிகாரியின் ஷூ லேஸை இழுத்துப் பார்த்தது.

அதிகாரியின் முகம் இருண்டுவிட்டது. பைனாகுலரை மெல்லக் கீழே இறக்கினார். இவ்வளவு கிட்டத்தில் அதற்கு வேலையும் இல்லை.

சட்டைப் பைக்குள் இருந்த அலகை அவள் மெல்ல விலக்கினாள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"எண்ணிக்கோங்க சார். நான்தான் விரட்டச் சொன்னேன், டிரைவர் மேல தப்பில்ல" என்றாள். கண்ணில் நீர் முட்டியது; குரல் இன்னும் ஏறியது. "என்னை எந்த மூலைக்கு வேணும்னாலும் மாத்துங்க. ஆனா இந்த வேலியை எடுத்துட்டா, ஒரே வருஷத்துல இதுக திரும்ப அழிஞ்சு போயிரும் சார். படகு விட்ட இடத்துல ஒரு நாரை கூடு கட்டாது சார்!"

அவள் குரல் ஏற ஏற, அக்கரையிலிருந்து இன்னொரு கூட்டம் கிளம்பி வந்துகொண்டிருந்தது.

அதிகாரி வானத்தை அண்ணாந்து பார்த்தார். தன் வண்டிக்குள் யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு அவசரமாக அவள் அருகில் வந்து, காதோரம் குனிந்தார்.

"மெதுவாப் பேசுங்கம்மா. இதுக பிழைச்சிருச்சுன்னு மேல தெரிஞ்சா, முதல்ல எங்க பிரிவைத்தான் மூடுவாங்க."