மூன்றாவது ஒட்டு

“குருத்தெலும்பெல்லாம் வேணாம் டாக்டரம்மா. போன ரெண்டு தடவை மாதிரி சவ்வையே வெச்சு ஒட்டிடுங்க.”

புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்தம்மா இப்படிச் சொன்னாள். சொன்னால் என்ன, அவருக்குத்தான் ரெண்டு காதும் மந்தமாச்சே! செவிப்பறையில் ஓட்டை. மனுஷர் பாட்டுக்குச் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது.

“சவ்வு ரெண்டு தடவையும் காது கேக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கிழிஞ்சுபோச்சேம்மா! சாயங்காலமானா இவரு ட்ரம்பெட் ஊத உக்காந்துடறாரு. அந்த அழுத்தத்தைச் சவ்வு எப்படித் தாங்கும்? குருத்தெலும்புன்னா கெட்டியா நிக்கும். அப்புறம் ஆசை தீர ஊதலாம்.”

“அதனாலதான் சொல்றேன், வேணாம்.”

பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த நர்ஸம்மா முகத்தைச் சுளித்தாள். “புருஷன் செவிடா இருந்தாத்தான் சிலதுகளுக்குச் சௌகரியம்” என்று அவள் முணுமுணுத்தது, கேட்கிற காதுகளுக்கெல்லாம் கேட்டது.

டாக்டரம்மா அவரிடமே திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

“உங்க காது மடல்லேர்ந்தே துளியூண்டு குருத்தெலும்பு சீவி, உள்ளே ஓட்டையை அடைக்கப்போறேன்! முதல்ல வலது காது!”

அவர் தொழில் பஞ்சர் ஒட்டுவது. முகம் மலர்ந்துபோச்சு.

“எங்கிட்டேர்ந்தே வெட்டி எனக்கே ஒட்டா? அடிச்சு ஒட்டுங்க டாக்டரம்மா! ஊதுனா பாதிக் காத்து காது வழியாத்தான் போகுது!”

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் ஆச்சு. மூணு மாசம் எதையும் ஊதக் கூடாது என்று உத்தரவு. அடுப்பைக்கூட ஊதவில்லை மனுஷர்.

கெடு முடிந்த மறுநாள் தனியாக வந்து நின்றார். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தாள். ஒட்டு கல்லு மாதிரி நின்றது. மெல்லப் பேசிப் பார்த்தாள். பளிச்சென்று பதில் வந்தது.

“இனி தாராளமா ஊதுங்க!”

“நேத்தே ஊதிட்டேன். அவ கடைக்குப் போன நேரமாப் பாத்து.”

“எப்படி இருந்துச்சு?”

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“லாரி டயர் வெடிச்சா இதைவிட இனிமையா இருக்கும். பக்கத்து வீட்டுல ஜன்னலைப் படார்னு சாத்துனாங்க, அதுவும் கேட்டுச்சு.”

நர்ஸம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் போனாள்.

“பத்து வருஷமா தினம் எதிர்ல வந்து உக்காந்து, கையைத் தட்டி, ‘இன்னும் ஒண்ணு ஊதுங்க’ன்னு சைகை காட்டுவா டாக்டரம்மா. நானும் மகராசனா ஊதியிருக்கேன்.” குரலைத் தணித்துக்கொண்டார். “ஒரு உதவி பண்ணுங்க. ‘இவர் ஆயுசுக்கும் ட்ரம்பெட் ஊதக் கூடாது’ன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க.”

“எதுக்கு? ஒட்டுதான் தாங்குமே!”

“ஒட்டு தாங்கும். நானா நிறுத்துனா, அவ சொன்ன பொய்யெல்லாம் எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். அதை அவ தாங்க மாட்டா. பழியை நீங்க ஏத்துக்குங்க தாயி!”