மொட்டைப் பனையின் நிழல்

வேலணைக் குகதாசன் முயல் வேட்டைக்காக, அசைவு கண்டால் தானாகவே படமெடுக்கும், பழுதென்றால் கடைக்காரர் உடனே கவனிக்கும் நல்ல கமராவாக விசாரித்து வாங்கினான். சண்டைக்காலத்தில் ஷெல் பட்டுத் தலை போன பனையின் அடியில் அதைக் கட்டினான்.

முயல் ஒன்றும் இல்லாத படங்களே குவிந்தன. எல்லாவற்றையும் கடைக்கு அனுப்பிவிட்டுப் போன் எடுத்தான்.

"கமராவில பிழையில்லை அண்ணை," என்றாள் கடையில் வேலை செய்யும் மேனுகா. "பனையோலையின்ர நிழல் நிலத்தில ஆடுது. அதுக்குத்தான் படம் எடுக்குது."

"அது மொட்டைப் பனை, பிள்ளை."

அவள் படங்களைத் திரும்பவும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"அப்ப, கடைசிப் படங்களில மரத்தால இறங்கிறது ஆரின்ர நிழல், அண்ணை?"

மத்தியான வெயிலில் கமராவை அவிழ்க்கப் போனான். குனிந்தவனின் முதுகில் நிழல் குளிர்ந்தது. பனையேறிகள் காலில் மாட்டும் நாரின் உரசல் தலைக்கு மேலே கேட்டது. அது அவசரமில்லாமல், ஆறுதலாக இறங்கி வந்துகொண்டிருந்தது.